பையன் சீட்டாட்ட புரோகிராம் எழுதுகிறான், விடலாமா?

அம்மா, பிளஸ் டூ பையனின் லேப்டாப்பில் சீட்டுக்கட்டைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பணம் கட்டும் ஆப் எதிலாவது இருக்கிறானா, ஓடிபி கேட்கிறானா? கேட்டால் அது வேறு பிரச்சினை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் புரோகிராமும் போகக் கூடாது.

அது இல்லையென்றால் தடுக்காதீர்கள். செஸ்ஸில் இருவருக்கும் பலகை முழுக்கத் தெரியும். சீட்டில் எதிராளி கையில் இருப்பது தெரியாமலே முடிவெடுக்க வேண்டும். செஸ்ஸில் உலக சாம்பியன் காஸ்பரோவை 1997-லேயே வென்ற கம்ப்யூட்டருக்கு, போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டத்தில், பந்தயத்துக்கு வரம்பில்லாமல் இருவர் ஆடும் வகையில், கைதேர்ந்தவர்களை வெல்ல 2017 வரை ஆனது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற புரோகிராம் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி நான்கு பேரை வென்றது. இதற்கு அடியில் இருப்பது கேம் தியரி, அதாவது எதிராளி என்ன செய்வார் என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுக்கும் கணக்கு. ஏலத்தில் விலை கேட்பதற்கும், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடியை எங்கே, எப்போது போடுவது என்பதற்கும் அதே கணக்குதான்.

அவனுக்கு இது விளையாட்டா, படிப்பா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். கணித அறிஞர் ஹரால்டு கூன் 1950-இல் எழுதிய குட்டி போக்கரைச் செய்யச் சொல்லுங்கள். மூன்றே சீட்டு, இரண்டு பேர். புரோகிராம் தனக்குத்தானே ஆடிக் கற்க வேண்டும். எதிராளி பந்தயம் கட்டாமல் விட்டால், இரண்டாவதாக ஆடுபவர் மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு முறை பொய்யாகப் பந்தயம் கட்டுவதுதான் சரியான ஆட்டம். யாரும் சொல்லித்தராமலே புரோகிராம் அங்கே வந்து சேரும். இருவரும் சரியாக ஆடினால், முதலில் ஆடுபவருக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு பந்தயத் தொகையில் பதினெட்டில் ஒரு பங்கு நஷ்டம் என்றும் காட்டும். இந்த இரண்டும் ஏன் என்று அவன் உங்களுக்குத் தாளில் விளக்கிவிட்டால், பையனிடம் சரக்கு இருக்கிறது. வெறுமனே புரோகிராமை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவன் இங்கே முழிப்பான்.

வேலை? சீட்டாட்ட புரோகிராமர் என்று ஆள் எடுப்பவர்கள் அபூர்வம், அதை நம்பிப் படிக்க வேண்டாம். நிகழ்தகவும் கணிதமும் பலமாக உள்ள படிப்பாகப் பாருங்கள். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. உண்டு, தனி நுழைவுத் தேர்வு, கேள்விகள் கடினம். பழைய வினாத்தாள் ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.