கஸ்டம்ஸில் நிற்கும் மூன்று கத்திகளும் லண்டனுக்குப் போகக் கூடாத இரண்டும்

கேள்வி: கத்தி சேகரிப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடம் 610 டாலருக்கு மூன்று கத்திகள் வாங்கினேன். ஒன்று மூன்றரை அங்குல அலகுள்ள மடக்குக் கத்தி. இரண்டாவது, இருபுறமும் கூருள்ள ஏழு அங்குலக் குத்துவாள். மூன்றாவது, பொத்தானைத் தள்ளினால் அலகு முன்பக்கமாகப் பாய்ந்து வரும் பட்டன் கத்தி. பார்சல் மேல் அவர் "சமையலறைச் சாமான், அன்பளிப்பு, 40 டாலர்" என்று எழுதிவிட்டார். சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் கஸ்டம்ஸ் அதைத் தடுத்து வைத்து விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கத்திகள் கிடைக்குமா, வழக்கு வருமா? இன்னொன்று: தாத்தா காலத்து குடகுக் கத்தி ஒன்றும், குறுக்குப் பிடியைக் கைமுட்டிக்குள் பிடித்துக் குத்தும் கட்டாரி ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. குடகுக் கத்தியில் வெள்ளிப் பூண், தந்தப் பிடி. லண்டனில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவர் இரண்டையும் கேட்டு முன்பணமும் அனுப்பிவிட்டார். கூரியரில் அனுப்பலாமா?
வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள். மூன்று கத்தி விஷயத்தில் பணமும் பொருளும்தான் போகும்; தந்தப் பிடிக் கத்தி விஷயத்தில் சிறைக்கே போக நேரிடலாம். அதைப் பிறகு விளக்குகிறேன்.

கஸ்டம்ஸில் நிற்கும் பார்சலை எடுத்துக்கொள்வோம். உங்களை மாட்டிவிட்டது கத்தியைவிட அந்தச் சீட்டுதான். 2019 டிசம்பர் 12 முதல், தபாலிலோ கூரியரிலோ வருவதை "அன்பளிப்பு" என்று வரி கட்டாமல் எடுக்கத் தடை இருக்கிறது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு; மற்றதை முழு வரி கட்டித்தான் எடுக்க வேண்டும். சாதாரணமாக வரி கட்டி எடுத்திருக்கக்கூடிய மடக்குக் கத்தியைக்கூடத் தடைப் பொருள் என்று சொல்ல அந்த ஒரு சொல் இடம் கொடுத்துவிட்டது. விலையைக் குறைத்ததும் பொருளை மாற்றி எழுதியதும் சேர்ந்து சுங்கச் சட்டம் 1962-இன் 111-வது பிரிவில் இரண்டு உட்பிரிவுகளின் கீழ் வருகின்றன: தடைசெய்த பொருள், பொய்யான விவரம். "இப்படி எழுதினால் வரி மிச்சம்" என்று விற்பவர்கள் தயவாகச் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பலன் வாங்குபவர் தலையில் விடிகிறது.

பதில் எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள். கடிதத்தில் "தடுத்து வைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறதா, "110-வது பிரிவின்கீழ் கைப்பற்றப்பட்டுள்ளது" என்று இருக்கிறதா? கைப்பற்றியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் 124-வது பிரிவின்கீழ் ஷோ-காஸ் நோட்டீஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பு) வர வேண்டும். எழுத்துமூலம் காரணம் காட்டி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீட்டிக்காமலும் நோட்டீஸ் தராமலும் விட்டால் பொருளைத் திருப்பித் தந்தாக வேண்டும். வெறுமனே தடுத்து வைத்திருந்தால் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லை என்று துறை வாதாடும். ஆகவே கைப்பற்றல் ஆவணத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

மூன்று கத்திக்கும் சேர்த்து ஒரே விளக்கம் எழுதாதீர்கள். பலர் செய்யும் தவறு இது. "எல்லாம் சேகரிப்புக்குத்தான்" என்று எழுதினால் மூன்றுக்கும் பட்டன் கத்தியின் கதிதான்.

ஆயுதச் சட்டம் 1959-இல் "ஆயுதம்" என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த கூர்முனைப் பொருள் எல்லாம் அதில் அடங்கும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்தவை அடங்கா. 10-வது பிரிவின்படி ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் தேவை. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: வைத்திருக்கச் சட்டம் தடுக்காத ஆயுதத்தை, சொந்த உபயோகத்துக்கு, நியாயமான எண்ணிக்கையில் உரிமம் இல்லாமல் கொண்டுவரலாம். எண்ணிக்கை நியாயமா, உபயோகம் என்ன என்பதில் கஸ்டம்ஸ் கமிஷனருக்குச் சந்தேகம் வந்தால் மத்திய அரசின் உத்தரவு வரும்வரை பிடித்து வைக்கலாம். உங்கள் பதிலின் முதுகெலும்பு இந்த விலக்குதான்.

அடுத்து அளவு. ஆயுத விதிகள் 2016-இன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கானது. வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி போன்றவற்றைச் சொல்லி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை என்கிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவை இதில் சேரா. மூன்றரை அங்குல மடக்குக் கத்தி இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சுங்கக் கட்டண அட்டவணையிலும் அது 8211 என்ற தலைப்பில் வரும் சாதாரணக் கத்தி. அதை நம்பிக்கையோடு கேளுங்கள்.

ஏழு அங்குலக் குத்துவாளில்தான் இழுபறி. நீள அளவு குத்துவாளுக்கும் பொருந்தும், ஆகவே இது ஐந்தாம் வகையில் வராது என்று நீங்கள் வாதாடலாம். அதிகாரியோ, இருபுறக் கூர் என்றாலே குத்துவதற்கானது, 9307 என்ற தலைப்பில் வாள், பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) ஆகியவற்றோடு சேர்ந்தது என்பார். அந்தத் தலைப்பில் போனால் இறக்குமதிக்கே கட்டுப்பாடு. சுவரில் மாட்டத்தான் வாங்கினேன் என்பது இங்கே எடுபடாது; அலங்கார வாளும் அதே தலைப்பில்தான் வகைப்படுத்தப்படுகிறது. எடுபடக்கூடியது தயாரிப்பாளரின் விவரப்பக்கம்: அலகின் நீளம், அகலம், தடிமன், எஃகு, எத்தனை செய்யப்பட்டன என்ற வரிசை எண். கூடவே, இதற்கு முன் நீங்கள் முறையாக வரி கட்டி எடுத்த கத்திகளின் ரசீதுகள். சேகரிப்பவர் என்பதை அவைதான் காட்டும். எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள். பிடியின் காவல் தகட்டிலிருந்து முனைவரை அளப்பதற்கும் உறையோடு சேர்த்து அளப்பதற்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்துவிடும்.

பட்டன் கத்தியை விட்டுவிடுங்கள். அதை வீட்டுச் சாமான் என்று சொல்ல வழியே இல்லை. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, பொத்தானில் இயங்கும் கத்திகளையும், 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் எட்டும் கூர்க் கத்திகளையும் தனியாகவே கட்டுப்படுத்துகிறது. அது டெல்லிக்கு மட்டும்தான்; ஆனாலும் இவ்வகைக் கத்தியை அரசு எப்படிப் பார்க்கிறது என்பது தெரிகிறதல்லவா? "விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வகைக் கத்தியை அந்நாட்டுக்குள் இறக்குமதி செய்வது குற்றம். அங்கேயே செய்த கத்தியானாலும் திரும்பிப் போகும்போது அவர்கள் கஸ்டம்ஸ் பிடிக்கலாம். அங்கே தபாலில் பொதுமக்களுக்கு இதை அனுப்பவும் தடை உண்டு. விற்றவர் ஏன் "சமையலறைச் சாமான்" என்று எழுதினார் என்பது இப்போது புரியும்.

பதிலோடு இணைக்க வேண்டியவை: ஆர்டர் ரசீது, 610 டாலர் போனதற்கான கார்டு அறிக்கை, விற்பவரோடு நடந்த மின்னஞ்சல் முழுவதும், கத்திகளின் விவரப்பக்கம், அடையாளச் சான்று. உண்மை விலையை நீங்களே முதலில் சொல்லி அதற்கான வரி கட்டத் தயார் என்று எழுதுங்கள். பொய்ச் சீட்டு எழுதச் சொன்னது நீங்கள் இல்லை என்றால் மின்னஞ்சலே சாட்சி. நீங்கள்தான் சொன்னீர்கள் என்றால் மறைக்காதீர்கள். 108-வது பிரிவில் சம்மன் அனுப்பி வாங்கும் வாக்குமூலம் நீதிமன்ற நடவடிக்கைக்குச் சமம். அங்கே சொல்லும் பொய் தனிக் குற்றமாகும்.

"ஷோ-காஸ் நோட்டீஸ் வேண்டாம், வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று யோசனை சொல்வார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது, சிறிய மதிப்புள்ள பார்சலில் வேகமாகவும் முடியும். ஆனால் மூன்று கத்தியையும் எந்தத் தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள் என்று எழுத்தில் தெரிந்த பிறகே அப்படிக் கொடுங்கள். நேரடி விசாரணை வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உத்தரவு எப்படி வரும்? தடைப் பொருளாக இல்லாவிட்டால் மீட்பு அபராதம் கட்டி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை 125-வது பிரிவின்படி தந்தே ஆக வேண்டும். தடைப் பொருள் என்றால் தரலாம், தராமலும் இருக்கலாம். அது அதிகாரியின் விருப்பம். நிபந்தனையை மீறி வந்த பொருளும் தடைப் பொருளே என்று ஓம் பிரகாஷ் பாட்டியா வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் "அன்பளிப்பு" என்ற சீட்டு இங்கேயும் குறுக்கே நிற்கும். மீட்பு அபராதம் சந்தை விலையிலிருந்து வரியைக் கழித்த தொகைக்கு மேல் போகக் கூடாது. வரி தனி, 112-வது பிரிவின் தண்டத்தொகை தனி. தடைப் பொருளுக்கு அந்தத் தண்டம் பொருளின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம். 120 நாளுக்குள் மீட்பு அபராதத்தைக் கட்டாவிட்டால், மேல்முறையீடு நிலுவையில் இல்லாதபட்சத்தில், அந்த வாய்ப்பு செல்லாது.

மேல்முறையீட்டுக்கு உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 60 நாள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அதற்கு அப்பால் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டைக் கேட்கும் கமிஷனருக்கே அதிகாரம் இல்லை. தகராறில் உள்ள தொகையில் ஏழரை சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். மடக்குக் கத்தியையும் மறுத்தால் போங்கள். குத்துவாளுக்காக மட்டும் என்றால் வக்கீல் செலவு கத்தி விலையைத் தாண்டிவிடும். வழக்கைப் பொறுத்தவரை, தண்டனை சொல்லும் ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தனி உபயோகத்துக்கு வந்த மூன்று கத்தி, ஒளிக்காமல் பதில் சொன்னவர் என்றால் துறை நடவடிக்கையோடு முடியவே வாய்ப்பு அதிகம்.

இனி தாத்தாவின் கத்திகள்.

குடகுக் கத்தியில் வயதைப் பற்றிய பேச்சே தேவையில்லை. தந்தம் ஒன்றே போதும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி, உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் தந்தப் பொருளை விற்க முடியாது. பரம்பரையாக வந்தது என்றால் வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவித்திருக்க வேண்டும். 2003-இல் பழைய இருப்புகளை அறிவிக்க 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். தாத்தாவின் காகிதக் கட்டில் அப்படி ஏதாவது ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் வன அலுவலகத்துக்கு நேரே போகாமல், கத்தியின் படத்தையும் வாரிசு ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். பிடியைக் கழற்றிவிட்டு அலகை மட்டும் விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கழற்றிய தந்தமும் தந்தம்தான். வாங்குபவருக்கும் இது நல்லதில்லை. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் அமலில் இருக்கிறது. சில குறுகிய விலக்குகள் தவிர வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றம். தந்தம் மட்டும் இல்லை, கடமான், புள்ளிமான் கொம்புப் பிடி போட்ட பழைய கத்திகளையும் இதே சட்டத்தின் கண்ணோடு பாருங்கள்.

கட்டாரிக்கு வயதுதான் கேள்வி. நூறு வருடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அது தொல்பொருள். தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இன் மூன்றாவது பிரிவின்படி அதை மத்திய அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போதான் ஏற்றுமதி செய்யலாம். தனிநபருக்குக் கதவு மூடியாயிற்று. மீறினால் குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று வருடம் சிறை. நூறு ஆகவில்லை என்று நம்பினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் படங்களோடு விண்ணப்பித்து "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். "எனக்குத் தெரிந்து ஐம்பது வருடம்தான்" என்று நீங்களே கூரியர் படிவத்தில் எழுதுவது உதவாது.

அந்தச் சான்றிதழ் கிடைத்தாலும் சிக்கல் தீராது. கட்டாரியின் அலகு நீளத்தில் 9 அங்குலத்துக்குள் அடங்கினாலும், பிடியருகே அகலம் பெரும்பாலும் 2 அங்குலத்தைத் தாண்டும். அளந்து பாருங்கள், தாண்டினால் ஐந்தாம் வகை. மேலே சொன்ன சொந்த உபயோக விலக்கு விற்பனைக்குப் பொருந்தாது, ஆகவே ஏற்றுமதி உரிமம் வேண்டும். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும் வேண்டும். லண்டன் பக்கம் இன்னும் வேடிக்கை. கைமுட்டிக்குள் பிடியைப் பிடித்துக் குத்தும் கத்தி அங்கே தடைப் பட்டியலில் இருக்கிறது. கட்டாரியை அதில் சேர்க்க இடமுண்டு. தப்பிக்க வழி, நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று காட்டுவது. நூறு தாண்டினால் இங்கே விடமாட்டார்கள், தாண்டாவிட்டால் அங்கே பிடிப்பார்கள்.

ஆகவே முன்பணத்தைத் திருப்பிவிடுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் வந்ததோ அதே வழியில் போகட்டும். வங்கியில் அது "ஏற்றுமதி முன்பணம்" என்று பதிவாகியிருந்தால், விற்பனை ரத்து என்று காரணம் சொல்லி ஒரு கடிதமும், வாங்குபவரிடமிருந்து வந்த ஒப்புதல் மின்னஞ்சலும் கொடுங்கள். இல்லையென்றால் ஏற்றுமதி ஆவணம் எங்கே என்று வங்கி பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் கத்திகளை வேறு பெயரில் அனுப்புவதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.