ஊர் வரலாறும் வம்சாவளியும் தேடுபவர்களுக்கு: நூலகத்தில் என்ன கேட்பது, காப்பகத்தில் என்ன கேட்பது

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து: ஐயா, கொள்ளுத்தாத்தா பெயரும் ஊரும் மட்டும்தான் தெரியும். நூலகத்துக்குப் போனால் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, பழைய பட்டா, தீர்வை ரசீது, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மொய் நோட்டைப் பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எந்த ஊரில் எந்தச் சொந்தம் என்பது அதில்தான் வரிசையாக இருக்கும்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பெயரை வைத்துத் தேடினால் ஒரே தாலுகாவில் அதே பெயரில் அப்பன் மகன் ஜோடி பல கிடைக்கும். நிலத்தை வைத்துத் தேடினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. ஆகவே ஒரு சர்வே எண்ணாவது கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த ஆண்டு ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டம். விருதுநகர் என்று கேட்டால் பழைய நூல் எதுவும் வராது. 1879ல் ஸ்டூவர்ட் தொகுத்த திருநெல்வேலி மேனுவலை, அதாவது ஜில்லாவைப் பற்றிய கையேட்டைக் கேளுங்கள். கரூர்க்காரர்களுக்கும் இதே சிக்கல்தான்: 1910 வரை கோயம்புத்தூர், பிறகு திருச்சி. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை. அந்தப் பக்கத்துப் பழைய பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும்.

இணையத்தில் தேடும்போது அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்: டின்னவெல்லி (Tinnevelly), டாஞ்சூர் (Tanjore), டிரிச்சினாபோலி (Trichinopoly), சிங்கிள்புட் (Chingleput).

தஞ்சாவூரிலிருந்து: மாவட்ட மைய நூலகத்திலேயே கிடைக்கக்கூடியது என்ன? சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். குறிப்புதவிப் பிரிவில் கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்), 1951 முதலான மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகள், தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பட்டியலில் சேராமல் அலமாரியில் கிடக்கும் மலர்களைக் கேளுங்கள். கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டு மலர், தலபுராணம் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். உபயதாரர் பட்டியலும் பழைய மாணவர் பட்டியலும் வேறெங்கும் கிடைக்காது. கணினிப் பட்டியலில் இல்லை என்றதும் திரும்பிவிடாமல் நூலகரிடம் நேரில் கேளுங்கள்.

சென்னையில் எழும்பூர் கன்னிமாரா 1896ல் திறந்தது. 1954 நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. சிறு பதிப்பகம் போட்ட ஊர் வரலாறுகளும் அங்கே அகப்படும். பழைய பத்திரிகை, குஜிலிப் பிரசுரம் (சந்தையில் விற்ற மலிவுச் சிறுநூல்) போன்றவற்றுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதை முடித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

கெசட்டியரில் வரும் சாதி அத்தியாயத்தை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். கலெக்டர்கள் தங்களுக்குச் சொன்னவர்கள் வாய்வழி கேட்டு எழுதியது அது. பாசனம், பஞ்சம், சாலை, தாலுகா எல்லை பற்றி அவர்கள் எழுதியது நம்பகமானது.

நாமக்கல்லிலிருந்து: பத்திரத்தில் பசலி என்றும் தமிழ் வருஷம் என்றும் போட்டிருக்கிறது. ஆங்கில வருஷமாக மாற்றுவது எப்படி, சார்?

பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தென்கோடியில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியில் தொடங்கி டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும்.

தமிழ் வருஷப் பெயரில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 'தாது' என்றால் பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் உள்ள தலையைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1910க்கு முன்னால் இருக்க வழியில்லை. விக்டோரியா தலை இருந்தால் 1901ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. ஆனால் பழைய இருப்புத் தாள் சில காலம் புழங்கும் என்பதால், தலை உறுதியாகச் சொல்வது 'இதற்கு முன் இல்லை' என்பதை மட்டும்தான்.

எண்கள் தமிழில் இருந்தால் ௲௮௱௭௰௬ என்பது 1876. ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு. ௸ என்றால் மேற்படி, ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். தாளின் உச்சியில் தனியாக நிற்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று படித்துவிடாதீர்கள்.

பத்திரத்தின் முதல் நாலு வரியே ஒரு வம்சாவளிதான். 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் பாரியாள் இன்னார், தனக்காகவும் தன் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம்' என்று போகும். கணவர் அப்போது உயிரோடு இல்லை என்ற செய்தி பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். பின்பக்கத்தில் புத்தக எண், வால்யூம், பக்கம், பதிவு நெம்பர் இருக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து: நிலப் பதிவேடுகளில் எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்?

இன்றைய பட்டாவிலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அங்கேயே தொடர்பு அறுந்துவிடும். முதல் படி, யூடிஆர் 'அ' பதிவேடு, அதாவது எந்தப் புலம் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கு. 1979க்குப் பிறகு நடந்த பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் தயாரானது. அதில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு கலம் உண்டு. அந்த எண்ணைக் கொண்டுதான் அதற்கு முந்தைய ரீசெட்டில்மென்ட் (நிலத்துக்குத் தீர்வையை மறுபடி நிர்ணயித்தது) பதிவேட்டுக்கும், அதிலுள்ள பழைய எண்ணைக் கொண்டு முதல் செட்டில்மென்ட் பதிவேட்டுக்கும் போக முடியும். இன்றைய எண்ணோடு நேரே பழைய பதிவேட்டைத் திறந்தால் வேறொருவர் நிலத்தில் போய் நிற்பீர்கள். உட்பிரிவு எழுத்தை விடாமல் எழுதுங்கள். யூடிஆரில் பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும், பழையது ஏக்கர், செண்டில். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 செண்டு. பரப்பு ஒத்துவருகிறதா என்று பார்த்தால் சரியான புலமா என்பது தெரிந்துவிடும்.

பழைய பதிவேடுகள் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நகல் மனுவில் மாவட்டம், அன்றைய தாலுகா, கிராமப் பெயர், கிராம எண், சர்வே எண் எல்லாம் வேண்டும். ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருப்பது சாதாரணம், அதனால் கிராம எண்ணை விடாதீர்கள்.

முன்னோர் இனாம் நிலம், அதாவது மானியமாகப் பெற்ற நிலம் வைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1858ல் அமைந்த இனாம் கமிஷனின் விசாரணையில் உருவான இனாம் பதிவேட்டில் யார் கொடுத்தது, முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது வைத்திருந்தவர் பெயர், வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். கோயில் பரிசாரகர், தச்சர், வண்ணார், நாவிதர், வெட்டியான் மானியங்கள் பலவும் அதில் உண்டு. எளிய குடும்பத்துக்குப் பதிவு இருக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஜமீன் கிராமமாக இருந்தால் கதை வேறு. 1948ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட்தான் அங்கே பெரும்பாலும் முதல் அரசுப் பதிவேடு. அதற்கு முன்னால் உள்ளது ஜமீன் கணக்குகள்.

திண்டுக்கல்லிலிருந்து: வில்லங்கச் சான்று ஆன்லைனில் பார்த்தேன், 1975க்கு முன்னால் ஒன்றும் வரவில்லை.

பல அலுவலகங்களுக்கு ஆன்லைன் அவ்வளவுதான். அதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். முதல் அட்டவணை ஆட்களின் பெயர் வாரியாகவும், இரண்டாவது சொத்து வாரியாகவும் இருக்கும். சொத்து அட்டவணையில் தொடங்குங்கள். அசையாச் சொத்து முதல் புத்தகத்தில் இருக்கும், அதை யாரும் பார்க்கலாம். உயில் மூன்றாம் புத்தகம். எழுதியவர் இறந்திருந்தால் யார் மனு செய்தாலும் நகல் கிடைக்கும், ஆகவே இறப்புச் சான்றையும் எடுத்துப் போங்கள். ஊர் இப்போது எந்தப் பதிவு எல்லையில் இருக்கிறது என்பதை விட, பத்திரம் எழுதிய ஆண்டில் எங்கே இருந்தது என்பதே கணக்கு.

சேலத்திலிருந்து: அப்பாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. 1938ல் பிறந்தவர்.

பெயரைச் சொல்லித் தேடியிருப்பீர்கள். அக்காலப் பதிவில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். தாத்தா பெயரையும் ஊரையும் சொல்லி, நீங்கள் நினைக்கும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு தேடச் சொல்லுங்கள். முதல் பிரசவம் என்றால் பாட்டியின் தாய்வீட்டு ஊரில் பதிவாகியிருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுத் தேதியை நம்பி நிற்க வேண்டாம். சேர்க்கைக்காக மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது வழக்கம்.

டர்பனிலிருந்து: எங்கள் முப்பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக நேட்டால் வந்தவர். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா அண்ணா?

உங்களுக்குத் தமிழ்நாட்டில் இருப்பவர்களைவிட நல்ல பதிவு இருக்கிறது. 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். குடும்பத்தில் பழைய திருமணச் சான்றோ இறப்புச் சான்றோ இருந்தால் அதில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிராமப் பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. சத்தமாகப் படித்துப் பாருங்கள். 'பாடி', 'பாக்கம்', 'பட்டு', 'பேட்டை' என்ற கடைசிப் பகுதியை முதலில் பிரித்துவிட்டு, மீதியைத் தாணா இருந்த தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 'நார்த் ஆற்காடு' என்றிருந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்தோடு நிறுத்தாமல் ஆந்திராவின் சித்தூரையும் பாருங்கள். 1911ல்தான் சித்தூர் தனி ஜில்லாவானது.

மொரீஷியஸ் சென்றவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவுகள் உள்ளன. மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி முறையில், அதாவது தோட்ட மேஸ்திரி ஊரில் வந்து ஆள் சேர்த்துப் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களிடம் உள்ள குடும்ப அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட நூலகம் எரிஞ்ச பிறகு இஞ்ச என்னத்தைத் தேடுறது?

1981ல் போனதில் திரும்பக் கிடைக்காதவை நிறைய. ஆனாலும் அச்சானவற்றில் சில வேறு இடங்களில் தப்பியிருக்கின்றன, 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளம் அவற்றை எண்ணிமமாக்கி வருகிறது. அங்கே நினைவு மலர்களைத் தேடுங்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் 'கல்வெட்டு' நூல்களில் வம்சாவளி விரிவாக இருக்கும், அதுபோல ஒரு வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இல்லை. 1841ல் தொடங்கிய உதயதாரகை இதழும் உதவும். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் டச்சு மொழியில் உள்ளன. வாசிக்கத் துணை வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: 1881 மக்கள்தொகைக் கணக்கில் என் குடும்பத்தைப் பார்க்கலாமா?

முடியாது. அச்சானவை எண்ணிக்கை அட்டவணைகள் மட்டும். 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனி நபர் படிவங்கள் யார் பார்வைக்கும் வராது. ஊரைப் பற்றி அறிய 1961 கணக்கெடுப்பின் கிராம ஆய்வு நூல்கள் அருமையானவை. உங்கள் ஊர் அதில் உண்டா என்று பாருங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: வீட்டில் ஓலைச்சுவடியும் நைந்த பத்திரங்களும் இருக்கின்றன. லேமினேஷன் செய்யலாமா?

செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து இருபுறமும் படம் எடுங்கள். பிறகு அமிலமற்ற தாள் உறையில் தட்டையாக வையுங்கள். ஓலையில் வீட்டு எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கட்டை அவிழ்க்கும் முன் ஓலைகளின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏட்டெண் இல்லாத சுவடி கலைந்தால் சேர்ப்பது கடினம். ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். ஆகவே முதலில் ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் மட்டும் அடையாளம் கண்டு, அவற்றைக் கையிலுள்ள பத்திரத்தோடு ஒப்பிட்டுவிட்டு, படங்களோடு சென்னையிலுள்ள கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை அணுகுங்கள்.