பினோடாஜ்: முதல் கிளாஸில் தீர்ப்பு வேண்டாம்

கேள்வி: விலை குறைந்த தென்னாப்பிரிக்க பினோடாஜ் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கினேன். திறந்ததும் கருகிய ரப்பர் வாடை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. ஒரு மணி நேரம் கழித்து அதே ஒயின் நன்றாக இருந்தது. கோளாறு ஒயினிலா, என்னிடமா?

பதில்: உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. ஒயினில் சிறு குறை இருந்தது. அது தீரக்கூடிய குறை. நொதிக்கும்போது ஈஸ்டுக்குப் போதிய ஊட்டம் கிடைக்காவிட்டால் கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். காற்று மிகக் குறைவாகவே புகும் திருகுமூடிக்குள் அவை தங்கிவிடும். லேசாக இருந்தால் காற்றுப் பட்டதும் கலைந்துவிடும். தென்னாப்பிரிக்கச் சிவப்பு ஒயின்கள் மீது இந்த ரப்பர் வாடைப் புகார் ஒரு காலத்தில் பலமாகவே எழுந்தது. அதை வைத்து ஒரு நாட்டின் ஒயினையே ஒதுக்குவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

பினோடாஜ் அந்த மண்ணிலேயே பிறந்த திராட்சை. 1925-இல் ஸ்டெல்லன்பாஷில் பேராசிரியர் ஆப்ரகாம் பெரோல்ட், பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கினார். நன்றாகச் செய்தால் பிளம், கருஞ்செர்ரி, மெல்லிய புகைமணம் வரும். அதிக வெப்பத்தில் அவசரமாக நொதிக்கவிட்டால் வாழைப்பழமோ பெயின்டோ போன்ற வாடை அடிக்கும். சில மலிவுப் புட்டிகளில் தூக்கலாக வரும் காபி மணம், ஒயினோடு சேரும், நன்கு வறுத்த ஓக் மரத்தின் வேலை.

அடுத்த முறை, புட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தக் குறுகிய கழுத்து வழியே காற்று எவ்வளவு போகும்? அரைப் புட்டியை அகன்ற ஜாடியில் ஊற்றிவிடுங்கள். கால் கிளாஸ் மட்டும் உடனே முகர்ந்து, சுவைத்து, தோன்றியதை இரண்டு வரி எழுதிவையுங்கள். அரை மணி கழித்து மறுபடி, சாப்பாட்டோடு மறுபடி. மாலை முழுவதற்கும் இரண்டு கிளாஸ் தாராளம். அதற்கு மேல் நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

துவர்ப்பு விஷயம் வேறு. ஒரு மணி நேரக் காற்று, துவர்ப்பைத் தரும் டானினைப் பெரிதாக மாற்றிவிடாது. ஒயின் குளிர்ந்திருந்தால் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். சூடு ஏறினால் ஆல்கஹால் தொண்டையைச் சுடும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் பொருத்தம். அறை சூடாக இருந்தால் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கொழுப்பும் உப்பும் உள்ள சுட்ட இறைச்சியோடு குடித்தால் துவர்ப்பு அடங்கும். தென்னாப்பிரிக்கர்கள் பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும் விருந்து) நெருப்பைச் சுற்றி இதைத் திறப்பது சும்மா இல்லை.

எந்த வாடை போகாது? நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் கெட்டுப்போன கார்க். நெயில் பாலிஷ் நெடியும் வினிகர் புளிப்பும்கூடப் போகாது. காத்திருந்து பயனில்லை, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ஸ்டெல்லன்பாஷ், ஸ்வார்ட்லாந்து என்று பிறப்பிடம் போட்டிருந்தால் பழம் முழுவதும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். 1973 முதல் அங்குள்ள விதிமுறை அது. 'வெஸ்டர்ன் கேப்' என்று மட்டும் இருந்தால் பரந்த பகுதியின் கலவை. மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் விலை ஒன்றாக இருந்தால் நான் ஸ்வார்ட்லாந்தையே எடுப்பேன்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். எளிய ஒயினின் பழமணம் சீக்கிரம் மங்கும் என்பதால் மறுநாளே முடித்துவிடுவது நல்லது.