திரையில் 37.8, முட்டையில் எவ்வளவு?

வீட்டில் குஞ்சு பொரிக்க இன்குபேட்டர் வாங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: ஆறு பேடைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். முதல்முறை வாங்குகிறேன். 9 முட்டைக் கருவி போதுமா, 100 முட்டைக் கருவியாகவே வாங்கிவிடலாமா?

ப: இரண்டும் வேண்டாம். அவயம் (அடை) வைக்கும் முட்டை இட்டு ஏழு நாளைக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அதற்கு மேல் நாள் ஆக ஆகப் பொரிப்பு குறையும். ஆறு பேடைகளும் நன்றாக இடும் பருவத்தில் இருந்தாலும் ஒரு வாரத்தில் 25, 30 முட்டைதான் சேரும். 100 முட்டைக் கருவி வாங்கினால் அதை நிரப்புவதற்காகவே மூன்று வாரம் சேர்த்து வைப்பீர்கள், பழைய முட்டையெல்லாம் கூமுட்டையாகும். 9 முட்டைக் கருவியிலோ உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம். மூடியை ஒருமுறை திறந்தால் சூடு சட்டென்று இறங்கும், திரும்ப ஏறும்போது அளவைத் தாண்டும். 24 முதல் 36 கோழி முட்டை கொள்ளும் கருவியாகப் பாருங்கள். பெட்டிமேல் காடை முட்டைக் கணக்கைப் பெரிதாக அச்சடிப்பவர்கள் உண்டு. கோழி முட்டை எத்தனை பிடிக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். அவற்றுக்கும் இடம் வேண்டும்.

கே: ஃபேன் இல்லாத கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான், நடுவில் இருந்த முட்டைகள் மட்டுமே பொரித்தன. ஃபேன் இல்லாவிட்டால் சூடான காற்று மேலேயே தங்கும். முட்டையின் மேல்பகுதி ஒரு சூட்டிலும் அடிப்பகுதி ஒரு சூட்டிலும் இருக்கும். அதனால்தான் ஃபேன் உள்ள கருவியில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்கிறோம், ஃபேன் இல்லாததில் முட்டையின் உச்சி மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டியிருக்கிறது. பழகிய கை இதைச் சமாளிக்கும். முதல்முறை வைப்பவருக்கு இந்தத் தொல்லை எதற்கு?

கே: "100 சதவீதம் பொரிக்கும், உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

ப: பொய். அவர்களிடம் வாங்காதீர்கள்.

கே: புதுக் கருவியின் திரை 37.8 காட்டுகிறது. உள்ளே நான் வைத்த தெர்மாமீட்டர் 36.6 காட்டுகிறது. விற்றவர் "திரையைப் பாருங்கள், அதுதான் சரி" என்கிறார். எதை நம்புவது?

ப: சரிபார்க்கும் வரை இரண்டையுமே நம்பாதீர்கள். விற்றவர் சொன்னதையும் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால் அது இந்தத் திரைதான். திரை காட்டுவது சென்சாரின் நுனி இருக்கும் இடத்துச் சூட்டை மட்டுமே. சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தால் அங்கே 37.8 ஆனதும் ஹீட்டர் அணைந்துவிடும், மூலையில் இருக்கும் முட்டை குளிர்ந்து கிடக்கும். சென்சாரே ஒரு டிகிரி பிசகியிருப்பதும் உண்டு. நாம் சூடு காட்ட வேண்டியது முட்டைக்கு. அந்த மட்டத்தில் அளக்காமல் 37.8 என்று பளிச்சென்று எழுதிக் காட்டுவதால் யாருக்கு என்ன பயன்?

சரிபார்ப்பது கடினமில்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 37, 38 டிகிரி வட்டாரத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு ஃபிளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காய்ச்சல் தெர்மாமீட்டரின் நுனியையும் கருவிக்குள் வைக்கும் தெர்மாமீட்டரின் நுனியையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும், அதைக் கருவிக்குள் வைக்கும் தெர்மாமீட்டரின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பிறகு கருவியைக் காலியாக 24 மணி நேரம் ஓடவிட்டு, தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் முட்டை உயரத்தில் அளவெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் இருக்கட்டும். நடுவுக்கும் மூலைக்கும் அரை டிகிரி வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். ஒரு டிகிரிக்கு மேல் போனால் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிசகு இருந்தால் பயமில்லை. பெரும்பாலான டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சென்சார் திருத்தம் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதில் அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ குறைத்தோ விடலாம். வாங்குமுன் அந்த அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: கோழி முட்டைக்கு 21 நாள். சூடு தொடர்ந்து குறைவாக இருந்தால் 22, 23 ஆகும், தொப்புள் ஆறாத சோர்ந்த குஞ்சுகள் வரும். கூடுதலாக இருந்தால் 19, 20-லேயே வெளிவரும், கால் கோணல் குஞ்சுகள் மிகும். இரண்டில் சூடு கூடுவதுதான் ஆபத்து. சில மணி நேரக் குளிரைக் கரு தாங்கும், 40 டிகிரிக்கு மேல் அவ்வளவு நேரம் தாங்காது.

கே: சூட்டைக் குறைத்தால் பேடைக் குஞ்சாகவே வரும் என்கிறார்களே?

ப: வராது. கோழியில் ஆணா பெண்ணா என்பது முட்டை இடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கே: தானாகத் திருப்பும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

ப: நாளுக்கு மூன்று முறையாவது, ஞாயிறு உட்பட, வீட்டில் இருந்து திருப்ப முடியும் என்றால் தேவையில்லை. முடியாதென்றால் கொடுங்கள். திருப்பாத முட்டையில் கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாய்ந்து சாய்ந்து திரும்பும் தட்டுதான் என் தேர்வு. அதில் கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையை நிறுத்துகிறோம், சின்ன முட்டை, பெரிய முட்டை என்ற சிக்கல் இல்லை. உருட்டித் தள்ளும் சட்டங்களில் பெரிய முட்டை சிக்கிக்கொள்ளும், சின்னது திரும்பாமலே நிற்கும். படுக்க வைக்கும் கருவி என்றால் முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போடுங்கள். என் இரண்டாவது கருவியில் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, சட்டம் அசையாமல் நின்றதை அந்தக் குறிகள்தான் காட்டிக்கொடுத்தன. மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

கே: "தானியங்கி ஈரப்பதக் கட்டுப்பாடு" என்று சொல்லி விற்றார்கள். வந்ததோ ஒரு தண்ணீர்த் தொட்டியும், ஈரப்பத எண் காட்டும் திரையும். கேட்டால் "அதுதான் கட்டுப்பாடு" என்கிறார்கள்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எண்ணைக் காட்டுவது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. கட்டுப்படுத்துவது என்றால் ஈரம் குறைந்ததும் தானே நீராவியோ தண்ணீரோ விடும் அமைப்பு இருக்க வேண்டும். விளம்பரத்தின் படம், ரசீது, பெட்டியைத் திறந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, "சொன்ன வசதி இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள். முடிவு தெரியும் வரை அதில் முட்டை வைக்க வேண்டாம், பயன்படுத்திவிட்டீர்கள் என்று அதையே சாக்காக்குவார்கள்.

பணம் திரும்பாமல் போனாலும் மனம் தளர வேண்டாம், கையாலேயே ஈரத்தைச் சரியாக வைக்கலாம். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை, எவ்வளவு பரப்பு காற்றில் படுகிறது என்பதே கணக்கு. முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. கூட்ட வேண்டுமானால் அகலமான கிண்ணமோ ஈர ஸ்பாஞ்சோ வையுங்கள். தராசு இருந்தால் இன்னும் நல்லது: 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதம் இழக்க வேண்டும், 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வர வேண்டும். அதைவிடக் குறைவாக இழந்தால் உள்ளே ஈரம் அதிகம் என்று பொருள், அகன்ற முனையில் காற்றறை சிறியதாகிக் குஞ்சு மூச்சுக்குத் திணறும்.

கே: கருவி வந்த அன்றே 40 முட்டை வைத்தேன். பாதி ஃபிரிட்ஜில் இருந்தவை, பாதி கடையில் வாங்கியவை. 20-ஆம் நாளிலிருந்து மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். இரண்டு மட்டும் ஓட்டைக் கொத்தி அப்படியே செத்துவிட்டன. கருவி சரியில்லை என்று திருப்பித் தரலாமா?

ப: எந்த நியாயத்தில்? கடை முட்டை பெரும்பாலும் சேவலே இல்லாத பண்ணையிலிருந்து வருவது, அதில் கருவே கிடையாது. ஃபிரிட்ஜ் குளிரில் கிடந்தால் கரு உள்ள முட்டையிலும் பொரிப்பு வெகுவாகக் குறையும். அவற்றைத் தாண்டி உயிர் பிடித்த இரண்டையும் நீங்கள்தான் கொன்றீர்கள். ஓட்டைக் கொத்திய பிறகு மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, உட்தோல் காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். முதல் கொத்துக்கும் முழுதாக வெளிவருவதற்கும் இடையே ஒரு நாள்கூட ஆகும். பொறுக்க முடியாதவர்கள் இதில் இறங்கக் கூடாது. 7-ஆம் நாள் இருட்டறையில் லைட் அடித்துப் பார்த்திருந்தால் கடை முட்டைகள் நரம்பே ஓடாமல் தெளிவாகத் தெரிந்திருக்கும், அன்றே எடுத்திருக்கலாம். கருவியை அடுத்த முறை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு முட்டை வையுங்கள்.

கே: அடிக்கடி மின்சாரம் போகிறது. எந்தக் கருவி நல்லது?

ப: 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடக்கூடியது. 60 வாட் ஹீட்டர் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரியைப் பாதி மட்டும் பயன்படுத்தினாலே 10 மணி நேரம் வரும், ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் நடைமுறையில் இன்னும் அதிகம். பேட்டரி இல்லாத வீட்டில் சுவர் தடித்த தெர்மாகோல் பெட்டிக் கருவி மெல்லிய பிளாஸ்டிக் கருவியைவிடச் சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும். மின்சாரம் போனதும் திறக்காமல் போர்வை போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மூடாதீர்கள். கடைசி வாரத்தில் கரு தானே சூட்டை உண்டாக்கும், அதற்கு ஆக்ஸிஜனும் நிறைய வேண்டும்.

கே: காடையையும் கோழியையும் ஒன்றாக வைக்கலாமா?

ப: ஒரே நாளில் வைக்காதீர்கள். காடைக்கு 17, 18 நாள், அதனால் கோழி முட்டை வைத்து மூன்று நாள் கழித்துக் காடை முட்டை வையுங்கள். தட்டுக் குழியின் அளவு இரண்டுக்கும் வேறு என்பதையும் வாங்கும்போது பாருங்கள்.

கே: கருவியோடு வேறு என்ன வாங்க வேண்டும்?

ப: தனி தெர்மாமீட்டர், ஈரப்பதமானி, லைட். கூடவே 18-ஆம் நாளுக்குள் குஞ்சுக் கூடு தயாராக இருக்க வேண்டும்: முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைவு. கருவியின் அடியிலும் கூட்டிலும் வழவழப்பான பிளாஸ்டிக் இருந்தால் சொரசொரப்பான துணியோ வலையோ விரியுங்கள், இல்லாவிட்டால் கால் வழுக்கி அகன்று நிற்கும். குஞ்சு காய்ந்து புசுபுசுவென்று ஆன பிறகு மாற்றினால் போதும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஓரிரு நாளைக்கு உணவாகும், தீவனத்துக்காக அவசரப்பட்டு மூடியைத் திறக்க வேண்டாம்.