சிறிய சொகுசு எஸ்யூவியா, ஹாட் ஹேட்ச்சா? இரண்டையும் வைத்திருந்த அனுபவத்திலிருந்து

நீங்கள் கேட்டது இது: ஏறக்குறைய ஒரே திறன் கொண்ட சிறிய சொகுசு எஸ்யூவிக்கும் ஹாட் ஹேட்ச்சுக்கும் (அதிகத் திறனுள்ள இன்ஜின் பொருத்திய சிறிய ஹேட்ச்பேக் கார்) இடையில் எது நன்றாக ஓடும், எது நெடுநாள் தொல்லை தராது? பெரும்பாலும் தனியாகவே ஓட்டுவதாகவும், மூட்டுவலி உள்ள தந்தையை வாரம் ஒருமுறை அழைத்துச் செல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு ஹாட் ஹேட்ச்சை ஆறு ஆண்டுகளும், அதன்பின் ஒரு சிறிய சொகுசு எஸ்யூவியை நான்கு ஆண்டுகளும் ஓட்டியிருக்கிறேன்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை, ஹாட் ஹேட்ச்தான். நம்பகத்தன்மைக்கு அப்படி ஒரே சொல்லில் பதில் கிடையாது.

இந்த இரண்டு வகைக் கார்களும் பல நேரங்களில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மெர்சிடீஸ்-ஏஎம்ஜியின் ஏ45 எஸ் ஹேட்ச்பேக்கிலும் ஜிஎல்ஏ 45 எஸ் எஸ்யூவியிலும் இருப்பது ஒரே 2.0 லிட்டர் டர்போ இன்ஜின் (டர்போ என்பது காற்றை அழுத்தி உள்ளே தள்ளித் திறனைக் கூட்டும் கருவி). இரண்டிலும் 421 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட ஹேட்ச்சுக்கு 3.9 வினாடி, எஸ்யூவிக்கு 4.3 வினாடி. ஆடி நிறுவனத்தின் ஆர்எஸ் 3 கார், ஆர்எஸ் க்யூ3 எஸ்யூவி இரண்டுக்கும் ஒரே ஐந்து சிலிண்டர் 2.5 லிட்டர் இன்ஜின், 400 குதிரைத்திறன். நேரம் மட்டும் முறையே 3.8 வினாடி, 4.5 வினாடி. இன்ஜின் ஒன்றாக இருந்தும் இந்த ஏறத்தாழ அரை வினாடியைத் தின்பது பெரும்பாலும் எடைதான். உயரம் செய்யும் கேடு நேர்ச்சாலையில் அவ்வளவாகத் தெரியாது, வளைவில் தெரியும்.

அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப பந்தயப் பாதை. இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் 2017-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 43.8 வினாடி. அதில் 320 குதிரைத்திறன்தான். முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அதே ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஸ்டெல்வியோ குவாட்ரிஃபோலியோ எஸ்யூவி 7 நிமிடம் 51.7 வினாடியில் சுற்றி வந்தது. அதில் 510 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். நேர்ச்சாலையில் சிவிக்கை அநாயாசமாகத் தாண்டிச் செல்லக்கூடிய கார் அது. இருந்தும் 190 குதிரைத்திறன் அதிகம் வைத்துக்கொண்டு எட்டு வினாடி பின்தங்கியது. ஸ்டெல்வியோவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எஸ்யூவிகளில் அது அபாரமான சாதனை. அன்றைய நாளில் அந்த வகையிலேயே மிக வேகமானது. ஆனால் 1,800 கிலோவைத் தாண்டும் உயரமான காரை ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ள தாழ்வான காருக்கு அந்தப் பாரம் இல்லை.

அன்றாட ஓட்டத்தில் இது எப்படி உணரப்படும்? உயரமான கார் வளைவில் சாயாமல் இருக்க வேண்டுமானால் ஸ்பிரிங்கையும், சாய்வைக் குறைக்கும் தண்டான ஆன்டி-ரோல் பாரையும் இறுக்கமாக அமைத்தாக வேண்டும். அதனால்தான் வேகத்துக்காகத் தயாரிக்கப்பட்ட சிறிய எஸ்யூவிகள் பலவும் மோசமான சாலையில் எதிர்பார்ப்பதைவிட அதிகம் குலுக்குகின்றன. சொகுசு என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. என் எஸ்யூவியில் பெரிய சக்கரமும் பக்கவாட்டு உயரம் குறைந்த டயரும் இருந்தன. ஒரு சிறு பள்ளம்கூட முதுகுவரை வந்து சேரும். பழைய ஹேட்ச் அதைவிட மென்மையாகவே ஓடியது. சிறிய சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள், எந்த வகைக் காராக இருந்தாலும்.

இனி நம்பகத்தன்மை. காரின் உடலமைப்பு எதையும் பழுதாக்குவதில்லை. வெப்பம், பழைய ஆயில், தேவைக்கு மேல் சிக்கலான பாகங்கள், முந்தைய உரிமையாளரின் கை: பழுதுகள் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

என் ஹேட்ச்சில் ஆறு ஆண்டுகளில் பெரிய வேலை இரண்டுதான் வந்தது. ஒன்று, தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்தது. மற்றொன்று, இன்ஜினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுகளில் கரி படிந்து, காலையில் இன்ஜின் நடுங்க ஆரம்பித்தது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் பெட்ரோல் இந்த வால்வுகளின் மேல் படுவதே இல்லை. அதனால் கழுவப்படாமல் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே தங்கிக் கரியாகிறது. வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். கார் மறுபடி புதிது போல ஆனது. நேரடிப் பீய்ச்சலோடு இன்டேக் குழாயிலும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. டொயோட்டா இதைப் பல இன்ஜின்களில் செய்திருக்கிறது.

எஸ்யூவியில் நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை அதைவிட அதிகம். பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கப்ளிங்கின் சிறிய மின்பம்ப் எரிந்துபோனது. காரணம் எளியது: அதன் உள்ளே இருக்கும் வலைச்சல்லடை கிளட்ச் துகள்களால் அடைபட்டிருந்தது. ஆயிலை மாற்றியவர்கள் சல்லடையைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. அந்தக் காரின் பராமரிப்பு அட்டவணையில் அது இல்லையாம்! அடுத்து, கண்ணாடிக் கூரையின் வடிகால் குழாயில் தூசி அடைத்து, மழைநீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, அங்கிருந்த ஒயர் இணைப்புகளை அரித்தது. எந்தக் கதவின் எச்சரிக்கை எப்போது ஒலிக்கும் என்று தெரியாத நிலையில் மூன்று மாதம் ஓட்டினேன். திரையும் அடிக்கடி உறைந்துவிடும். இவை எதுவும் இன்ஜின் பழுதில்லை, கார் நடுவழியில் நிற்கவும் இல்லை. ஆனால் ஒரு காரின் மேல் உள்ள நம்பிக்கை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சொகுசுக் காரில் மோட்டார்களும் சென்சார்களும் எண்ணிக்கையில் அதிகம், பழுதாகக்கூடியவையும் அதிகம்.

இதை வைத்து ஹாட் ஹேட்ச் எல்லாம் உறுதியானவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் மிக அருமையான கார். ஆனால் 2016, 2017 மாடல்களில் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டில் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) தொல்லை எழுந்து, நிறுவனமே 2018-இல் அந்தக் கார்களை அழைத்துக் கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தது. எஸ்யூவி எல்லாம் தொல்லை என்பதும் தவறு. டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் என்எக்ஸ் 350எச் போன்ற, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்களைப் பாருங்கள்: டர்போ இல்லை, பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ் இல்லை, தேய்ந்துபோக, கியரை விரைவாக மாற்றும் இரட்டைக் கிளட்ச் இல்லை. நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் கோள் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களுமே வேலையைப் பார்க்கின்றன. பின்சக்கர இயக்கம் வேண்டுமென்றாலும் அங்கே தனி மோட்டார்தான். என்னைப் படுத்திய கப்ளிங் அதில் கிடையாது. ஓட்டுவதில் கிளர்ச்சி குறைவு, உண்மைதான். கவலையும் குறைவு.

இந்த எல்லைக்கோட்டை அழித்துவிடும் கார் ஒன்றும் இருக்கிறது. டொயோட்டா ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினை லெக்ஸஸ் தன் சிறிய கிராஸ்ஓவரில் (எஸ்யூவி போன்ற உயரமான கார்) வைத்து, 304 குதிரைத்திறனோடு எல்பிஎக்ஸ் மொரிஸோ ஆர்ஆர் என்று 2024-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கியது. ஆறு கியர் மேனுவலும் உண்டு. இப்படியொரு கார் வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பழைய கார் வாங்குவதாக இருந்தால் ஹேட்ச்சையும் எஸ்யூவியையும் வேறுவேறு கண்ணோடு பார்க்க வேண்டும். ஹாட் ஹேட்ச் பெரும்பாலும் விரட்டி ஓட்டப்பட்டிருக்கும். இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனை ஏற்றிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றிவைப்பார்கள். அதனால் கட்டாயம் கணினியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயர்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா, பிரேக் தட்டுகளின் ஓரத்தில் வெப்பத்தின் நீலநிறம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சொகுசு எஸ்யூவி இதற்கு நேர்மாறாகப் பெரும்பாலும் குறுந்தூரமே ஓடியிருக்கும். இன்ஜின் சூடாகும் முன்பே அணைக்கப்பட்டு அணைக்கப்பட்டு ஆயிலில் ஈரமும் எரிபொருளும் கலந்திருக்கும். ஓடிய தூரம் குறைவு என்பதால் மயங்கிவிடாதீர்கள். ஆயிலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தால் அதன் ஆயில் மாற்றிய ரசீதும் வேண்டும். ரசீது இல்லாத காரை நான் வாங்க மாட்டேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், நான்கு சக்கர இயக்கம் இல்லாத, கூரைக் கண்ணாடி இல்லாத, நடுத்தரத் திறன் கொண்ட ஹாட் ஹேட்ச்சைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்றது. 1976-இல் 110 குதிரைத்திறனோடு விற்பனைக்கு வந்த நாள் முதல் அந்தக் காரின் பலம் நடுநிலைதான். ஆனால் முடிவெடுக்கும் முன் உங்கள் தந்தையைக் கூட்டிச் சென்று இரண்டு காரிலும் உட்காரவைத்து, எழுந்து இறங்கச் சொல்லுங்கள். தாழ்வான இருக்கையிலிருந்து எழ அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால், நான் மேலே எழுதிய வினாடிக் கணக்கை எல்லாம் மறந்துவிட்டு அந்த ஹைபிரிட் எஸ்யூவியை எடுத்துக்கொள்ளுங்கள்.