வளைவில் கூடும் அரைப்புச் சத்தம்

கேள்வி: முன்சக்கர இயக்கக் காரில் நாள்தோறும் கடலூரிலிருந்து புதுச்சேரி சென்று வருகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் அடியில் ஏதோ அரைபடும் சத்தம் எழுகிறது. இடப்பக்கம் வளைந்தால் இன்னும் கூடுகிறது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இது அவசியம்தானா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கியர் பாக்ஸை இறக்குவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பளு வலப்பக்கம் சாய்வதால், நீங்கள் சொல்லும் அடையாளத்தைக் கொண்டு வலப்பக்கச் சக்கர பேரிங்கைத்தான் (சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் உருளை வளையம்) முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்த பின், ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையின் விரலை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வண்டியை ஓட்டியிருந்தால், பேரிங்கை மூடியிருக்கும் சீல் வழியே நீர் புகுந்து கிரீஸைக் கெடுத்திருக்கவும் கூடும்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் அது வேறு கோளாறு. எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி நின்றிருக்க, நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் உள் பேரிங் மீது ஐயம் வலுக்கும். அப்போதும் முதலில் கியர் ஆயிலின் அளவையும், அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.