வாசகர் கேள்வி: பல்பணி ஆதரவு பிரிகேடு என்பது என்ன?

கேள்வி: அமெரிக்கத் தரைப்படையில் "பல்பணி ஆதரவு பிரிகேடு" என்றோர் அமைப்பு இருப்பதாக அறிகிறேன். போரிடும் வீரர்களுக்கு எரிபொருளும் உணவும் கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலையா?

பதில்: அது ஒரு பகுதி மட்டுமே. 2004-ஆம் ஆண்டு வாக்கில், பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும் படைப்பிரிவான டிவிஷனை மையமாகக் கொண்ட பழைய அமைப்பைக் கைவிட்டு, மூவாயிரம் முதல் நான்காயிரம் பேர் கொண்ட போர் பிரிகேடுகளைத் தேவைக்கேற்ப அனுப்பும் முறைக்கு அந்தப் படை மாறத் தொடங்கியது. அதுவரை டிவிஷனின் கைவசமிருந்த துணைப் பிரிவுகள் பலவற்றை மறுசீரமைத்து, ஹெலிகாப்டர், பீரங்கி, கண்காணிப்பு, நகர்வுத் துணை, வழங்கல் என ஐந்து வகை பல்பணி ஆதரவு பிரிகேடுகளை உருவாக்கினார்கள்.

இவற்றில், போரிடும் படைகள் தடையின்றி நகர உதவும் நகர்வுத் துணை பிரிகேடுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. அதற்கென நிரந்தரமாக இருப்பவை தலைமையகமும் தகவல் தொடர்புப் பிரிவும் ஒரு துணை பட்டாலியனும் (பிரிகேடைவிடச் சிறிய படைப்பிரிவு) மட்டுமே. மற்றவை பணிக்கேற்ப வந்து சேரும். ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் மிதவைப் பாலம் அமைக்கிறார்கள். ரசாயனப் பிரிவினர் புகைத் திரை எழுப்புகிறார்கள். எந்த வண்டி எப்போது பாலத்தில் ஏறலாம் என்பதை ராணுவ போலீசார் ஒழுங்குபடுத்துகிறார்கள். கரையில் டாங்கிகள் நெருக்கியடித்து நின்றால் எதிரியின் பீரங்கிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது என்பதால், இந்த மூன்று வேலைகளும் ஒரே தளபதியின் கட்டளைக்குள் நடப்பது உயிர்களைக் காக்கும் ஏற்பாடு.

பின்களம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. 2003 மார்ச் 23 அன்று, இராக்கின் நசிரியா நகரில் வழிதவறி நுழைந்த பராமரிப்புப் பிரிவின் வண்டித் தொடர் தாக்கப்பட்டு, 11 பேர் உயிரிழந்தார்கள். வழித்தடப் பாதுகாப்பும் நகர்வுத் துணை பிரிகேடின் பொறுப்புகளில் ஒன்று என்பதை இந்தத் துயரத்தோடு சேர்த்தே நான் பார்க்கிறேன்.

ஐந்து வகைகளும் அப்படியே நிலைக்கவில்லை. கண்காணிப்பு பிரிகேடுகள் பின்னர் கலைக்கப்பட்டன. டிவிஷனுக்கென்று பீரங்கித் தலைமையகம் மீண்டும் வந்தது. எஞ்சியவற்றிலும் ஒரு குறை உண்டு. பணிக்காக இணைக்கப்படும் பிரிவுகள், தங்களுக்குக் கட்டளையிடப்போகும் தலைமையகத்தோடு முன்னரே பழகியிருப்பதில்லை. அந்தத் தலைமையகத்தோடு சேர்ந்து பயிற்சி பெறுவதற்கு அவர்களுக்குப் போதிய காலம் ஒதுக்கப்படாவிட்டால், ஆற்றங்கரையில்தான் அவர்கள் ஒருவரையொருவர் முதன்முறையாகச் சந்திக்க நேரும்.